நெருக்கமான தொட்டியும் நோயுற்ற மீன்களும்

மைசூரு நகரில் ஒரு வீடு. கூடத்தின் மூலையில் இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி. கூழாங்கல்லுக்கும் மேலே விட்ட இடைவெளிக்கும் போக, அதில் நிற்கும் நீர் ஏறத்தாழ 45 லிட்டர். அந்நீரில் நான்கு தங்கமீன்கள், ஆறு மோலிகள், பத்துக் கப்பிகள், இரண்டு ஏஞ்சல் மீன்கள், அடியில் கண்ணாடியைக் கவ்விக் கிடக்கும் சக்கர் மீன் ஒன்று, ஆக 23 உயிர்கள் வாழ்கின்றன எனக் கொள்க. தசரா விடுமுறையில் பிள்ளைகள் ஆசைப்பட்டுச் சேர்த்தவை அவற்றுள் பாதி. ஒரு நாள் விடியற்காலையில் மீன்கள் அனைத்தும் நீர்ப்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இரண்டு கப்பிகள் இறந்து கிடக்கின்றன. வீட்டார் கடைக்கு விரைந்து நீல மருந்து ஒரு புட்டி வாங்கி வந்து ஊற்றுகின்றனர். மறுநாள் ஐந்து மீன்கள் இறக்கின்றன. வேறொரு மருந்து ஊற்றப்படுகிறது. வார இறுதியில் தொட்டியில் எஞ்சுவது சக்கர் மீன் மட்டுமே.

இத்தகைய இழப்பு வீட்டுக்கு வீடு, பள்ளிக்குப் பள்ளி நிகழ்வதுதான். மீன்வள ஊழியரிடமும் விஞ்ஞான ஆசிரியரிடமும், “எந்த மருந்து ஊற்றலாம்?” என்ற கேள்வியே பெரும்பாலும் முதலில் வருகிறது. ஆனால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவன்று. நெருக்கமான தொட்டியில் முதல் நோயாளி நீர். மீன் இரண்டாவது நோயாளி. நீரைச் சோதிக்காமல் ஊற்றப்படும் மருந்து, பிழைக்கக்கூடிய மீனையும் கொன்றுவிடுவது உண்டு.

நீரில் உள்ள மூச்சு

மீன் சுவாசிப்பது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவையே. கடல்மட்டத்தில் 20 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள நன்னீர், லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் 7.6 மில்லிகிராமே தாங்கும். மைசூரு கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால், காற்றழுத்தம் குறைந்து, இவ்வளவும் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. ஆகவே சித்திரை மாத வெயிலில் மைசூருத் தொட்டி ஒன்று தாங்கக்கூடிய பிராணவாயு லிட்டருக்கு 7 மில்லிகிராம் அளவே. அதே வெப்பத்தில் மீனின் தேவையோ கூடிவிடுகிறது. இரவில் நீர்ச்செடிகளும் பாசியும் பிராணவாயுவை உண்டாக்குவதில்லை. மாறாக, அவையும் சுவாசிக்கின்றன. அதனால்தான் மீன்கள் வாய் பிளப்பது பெரும்பாலும் விடியற்காலையில் காணப்படுகிறது. காலையில் தவித்து, நண்பகலில் தெளிவடையும் மீன்களுக்கு நோய்க்கிருமியைத் தேடுவது வீண் உழைப்பு. அங்கே குறைவது காற்றே.

பிராணவாயு நீருக்குள் புகுவது நீர்ப்பரப்பின் வழியே. ஆழமான தொட்டியைக் காட்டிலும் அகலமான தொட்டி நல்லது என்பதற்குக் காரணம் இதுவே. கழுத்துவரை நீர் நிரப்பிய உருண்டைக் கண்ணாடிக் கலம், பார்வைக்கு எவ்வளவு அழகாயினும், மீனுக்கு ஒரு சிறையே எனலாம்.

எத்தனை மீன் என்பதற்கு, மீனின் நீளத்தை அளந்து கணக்கிடும் விதி ஒன்று வழக்கில் உண்டு. கப்பி போன்ற சிறு மீன்களுக்கு அது ஒருவாறு பொருந்தும். பெரிய மீன்களுக்குப் பொருந்தாது. ஏனெனில் மீனின் நீளம் இரு மடங்காகும்போது அதன் எடை எட்டு மடங்காகிறது. உண்பதும் கழிப்பதும் சுவாசிப்பதும் எடையையே பெரிதும் சார்ந்தவை. வாங்கும்போது கட்டைவிரல் நீளமிருந்த தங்கமீன் ஒரு சாண் அளவு வளரக்கூடியது. மேற்கண்ட 45 லிட்டரில் ஒரு தங்கமீனைத்தான் நெடுங்காலம் நலமுடன் வைத்திருக்க முடியும்.

காணாத விஷம்

மீன் உண்ட உணவின் புரதம் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. தின்னாமல் அடியில் தங்கிய உணவு அழுகியும் அம்மோனியா உண்டாகிறது. ஆற்றிலே அது அடித்துச் செல்லப்படும். தொட்டியில் அங்கேயே தேங்கும். அதைத் துப்புரவு செய்பவை கூழாங்கல்லிலும் வடிகட்டியிலும் படிந்து வாழும் பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. செர்கெய் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய விஞ்ஞானி ஸூரிச் நகரில் 1890ஆம் ஆண்டையொட்டி இவ்விரு படிகளையும் பிரித்துக் காட்டினார். இரு படிகளையும் தானே முடிக்கும் பாக்டீரியாவும் உண்டென்பது 2015இல் தெரியவந்தது. இவை மெல்லப் பெருகுபவை. புதிய தொட்டியில் போதிய அளவு நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் தொட்டியை நிரப்பிவிடுவோர், துப்புரவுப் பணியாளர் வருமுன் ஊரைக் குடியேற்றியவர் ஆவர். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் பிழிந்து கழுவினாலும் இதே கேடு நேரும். நகரக் குழாய் நீரில் உள்ள குளோரின் அப்பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசவேண்டும்.

இங்கே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கிறது. அவற்றுள் ஒன்றே கொடிய விஷம். அவ்விஷ வடிவின் பங்கு நீரின் பி.எச். எண்ணைப் பொறுத்தது. 25 பாகை வெப்பத்தில், பி.எச். 7 ஆயின் மொத்த அம்மோனியாவில் நூற்றில் அரைப் பங்கே விஷ வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆயின் நூற்றில் ஐந்து பங்குக்கு மேல். 9 ஆயின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்த தொட்டியில் இதன் விளைவு வியப்பூட்டுவது. பாக்டீரியாக்களின் வேலையால் அமிலம் உண்டாகி, நீரின் காரத் தாங்கு திறன் தீர்ந்து, பி.எச். எண் 6.5 அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடும். அந்த அமில நீரில் பாக்டீரியாக்கள் சோர்ந்து அம்மோனியா சேரத் தொடங்கும். ஆயினும் அது விஷமற்ற வடிவில் இருப்பதால் மீன்கள் எப்படியோ உயிர் தாங்கி நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் தலைவர் மனமிரங்கித் தொட்டியைச் சுத்தம் செய்கிறார். பாதி நீரைக் கொட்டிவிட்டு, கடினமும் காரமும் மிக்க ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்புகிறார். மொத்த அம்மோனியா லிட்டருக்கு 4 மில்லிகிராமிலிருந்து 2 மில்லிகிராமாகக் குறைந்தது, பி.எச். எண் 6.5இலிருந்து 7.8ஆக உயர்ந்தது எனக் கொள்வோமாயின், விஷ வடிவம் 0.007 மில்லிகிராமிலிருந்து ஏறத்தாழ 0.07 மில்லிகிராமாகிறது. அழுக்குப் பாதியாயிற்று, விஷமோ பத்து மடங்காயிற்று! லிட்டருக்கு 0.05 மில்லிகிராமே செவுளுக்குத் தீங்கு செய்யப் போதுமானது. அன்று மாலையே மீன்கள் மடியத் தொடங்கும். “சுத்தம் செய்ததும் செத்துவிட்டன” என்று வீட்டார் சொல்வது மூடநம்பிக்கையன்று; உண்மையே. ஆனால் அதிலிருந்து, நீரை மாற்றவே கூடாது என்று அவர்கள் கொள்ளும் முடிவு தவறானது.

மைசூருவின் நகரக் குடிநீர் காவிரியிலிருந்தும் கபினியிலிருந்தும் வருவது. குழாய் நீர் வாராத நாளில் வீடுகள் ஆழ்துளைக் கிணற்றையோ லாரி நீரையோ நாடுகின்றன. இவ்விரு வகை நீரும் தன்மையில் வேறானவை. ஒன்றில் பழகிய மீனை மற்றொன்றில் திடீரெனத் தள்ளுதல் ஆகாது. குழாய் நீரைத் திறந்த தொட்டியில் ஒரு நாள் வைத்து, காற்றுக் குழாயால் கலக்கினால் குளோரின் நீங்கும். அவசரமாயின் சோடியம் தயோசல்பேட் உதவும். ஒரு மில்லிகிராம் குளோரினை நீக்க ஏறத்தாழ 7 மில்லிகிராம் தேவை.

கண்டறியும் முறை

நோயுற்ற தொட்டியின் முன் நிற்பவர் மருந்துப் பெட்டியைத் திறக்குமுன் சில செய்திகளைக் கேட்டறிய வேண்டும். எத்தனை மீன்கள் தளர்ந்துள்ளன? எல்லாம் ஒரே நாளில் தளர்ந்தனவா, ஒவ்வொன்றாகவா? கடைசியாகப் புதிய மீன் வந்தது எப்போது? நீர் மாற்றியது எப்போது, எந்த நீரால்? எல்லா இன மீன்களும் ஒருங்கே, சில மணி நேரத்திற்குள் துன்புற்றால் பெரும்பாலும் குற்றம் நீருடையது. கிருமியும் ஒட்டுண்ணியும் அவ்வாறு ஒரே மணிக்கணக்கில் வேலை செய்வதில்லை. ஓரினத்தில் தொடங்கி, நாட்கணக்கில் பரவும்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறியும் சோதனைத் துளி மருந்துகள் மீன் கடைகளில் கிடைக்கின்றன. பி.எச். எண்ணை அறிய, பள்ளி ஆய்வுக்கூடத்துத் தாளோ மண் பரிசோதனைக்கு ஊழியர் எடுத்துச் செல்லும் தாளோ போதும். எதுவும் இல்லையெனில் ஒரு வாளிச் சோதனை செய்யலாம். ஒரு நாள் வைத்திருந்த தூய நீரை, தொட்டியின் வெப்பத்திற்கு ஒத்ததாக, ஒரு வாளியில் எடுத்துக் காற்றூட்டி, தவிக்கும் மீன்களில் ஒன்றை, தொட்டி நீருடன் சிறிது சிறிதாகப் பழக்கி, அதில் விடவேண்டும். ஒரு மணி நேரத்தில் அது தெளிந்து நீந்துமாயின் நோய் தொட்டியின் நீரில்தான் உள்ளது.

நைட்ரைட் மிகும்போது மீனின் இரத்தம் பழுப்பு நிறமாகிறது. செவுள் சிவப்பிழந்து காணும். காற்று எவ்வளவு செலுத்தினாலும் மூச்சுத் திணறல் நீங்காது. இரத்தமே பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்துவிட்டது. லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு, அதாவது நம் தொட்டிக்கு 45 கிராம், கரைத்து ஊற்றினால், உப்பில் உள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட் புகுவதைத் தடுக்கிறது. மளிகைக் கடைச் சரக்கு ஒன்று இத்துணைத் தெளிவாகப் பயன்படும் இடம் மீன் வைத்தியத்தில் வேறில்லை.

உடலில் காணும் குறிகளைப் படிப்பதில் ஏமாற்றங்கள் உண்டு. புண்ணின் மேல் நீண்ட இழைகளுடன் பஞ்சு போல் நிற்பது பூஞ்சை போன்ற சாப்ரோலெக்னியா. அது பெரும்பாலும் முன்பே காயமுற்ற இடத்தில்தான் வேரூன்றும். வாயைச் சுற்றிக் குட்டையாக வெண்சாம்பல் படலம் படர்ந்து, இரண்டொரு நாளில் மீன் இறந்தால் அது பூஞ்சையன்று. காலம்னாரிஸ் எனப்படும் பாக்டீரியா நோய். இது 1922இலேயே விவரிக்கப்பட்டது; வெப்பம் மிக்க, நெருக்கமான நீரில் விரைந்து கொல்வது. வயிறு வீங்கிச் செதில்கள் பலாக்காய் முள்போல் நிமிர்ந்து நின்றால் உள்ளுறுப்புகள் கெட்டுவிட்டன என்று பொருள். அம்மீன் தேறுவது அரிது. குளத்துப் பண்ணைகளிலிருந்து வரும் தங்கமீன்களின் உடலில் நூல்போல் தொங்கும் நங்கூரப் புழுவையும் தட்டையான மீன் பேனையும் வெறுங்கண்ணாலேயே காணலாம்.

பள்ளியில் நுண்ணோக்கி இருக்குமாயின் ஆசிரியர் இன்னும் ஒரு படி செல்லலாம். மீனை ஈரத்துணியில் பிடித்து, கண்ணாடி மூடியின் விளிம்பால் பக்கவாட்டுச் சளியைத் தலையிலிருந்து வால் நோக்கி மெல்ல வழித்து, ஒரு துளி தொட்டி நீருடன் நூறு மடங்கு உருப்பெருக்கத்தில் பார்க்கவேண்டும். மெதுவாகப் புரளும் உருண்டையும் அதனுள் குதிரை லாடம் போன்ற உட்கருவும் தென்பட்டால் வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி. சுழலும் தட்டுப்போல் விரைவது ட்ரைக்கோடினா. அழுக்கு மிகுந்த நீரின் அடையாளம் அது. மாணவர் ஒருமுறை இக்காட்சியைக் கண்டுவிட்டால், ஊகத்தின் பேரில் மருந்து ஊற்றும் வழக்கம் அவர்தம் வீட்டில் நில்லாது.

வெண்புள்ளி நோய்

மைசூருவில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பகலில் 28 பாகையளவில் இருக்கும் காற்றின் வெப்பம் விடியலில் 16, 17 பாகைவரை இறங்கும். சிறு தொட்டி இந்த ஏற்ற இறக்கத்தைப் பெரிய தொட்டியைவிட விரைவில் உணரும். குளிரால் தளர்ந்த மீன்மேல், உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றும். இதை உண்டாக்கும் ஒற்றைச் செல் உயிருக்கு இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்று பெயர். 1876இல் ஃபூக்கே என்பவர் விவரித்தார்.

அதன் வாழ்க்கை மூன்று நிலைகளைக் கொண்டது. தோலுக்கடியில் உண்டு கொழுத்த ஒட்டுண்ணி உதிர்ந்து அடியில் படியும். அங்கே உறைக்குள் பிரிந்து பல நூறு குஞ்சுயிர்களாகும். அவை நீந்திச் சென்று, இரண்டு நாட்களுக்குள் மீன் ஒன்றைப் பற்றாவிடில் மடியும். 25 பாகையில் இச்சுற்று ஒரு வாரத்திற்குள் முடியும். 10 பாகையில் ஒரு மாதத்திற்கு மேலும் ஆகலாம். மருந்து சேர்வது நீந்தும் நிலைக்கு மட்டுமே. புள்ளிகள் மறைந்தவுடன் நோய் நீங்கிற்றென்று மருந்தை நிறுத்துவோர் ஏமாறுகின்றனர். மறைந்தவை பெருகுவதற்காக உதிர்ந்தவையே. கடைசிப் புள்ளி மறைந்தபின் இன்னும் பத்து நாட்களேனும் சிகிச்சை தொடரவேண்டும்.

நெருக்கம் எவ்வாறு நோயை வளர்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. ஆற்றில் நீந்தும் குஞ்சுயிர்களில் மிகப் பல மீனைக் காணாமலே மடிகின்றன. 23 மீன்கள் உள்ள 45 லிட்டரில் அவை தேடவே வேண்டியதில்லை. ஆதலால் மீன்களைப் பிரித்து வைப்பதும், நாள்தோறும் அடியில் படிந்த கசடை ரப்பர்க் குழாயால் உறிஞ்சி எடுத்துக் கால் பங்கு நீரை மாற்றுவதும் சிகிச்சையின் பாதி. மறுபாதிக்கு, லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை உப்பை இரண்டு நாட்களில் சிறுகச் சிறுகக் கூட்டலாம். செதிலற்ற கெளுத்தி வகைகளும் செடிகளும் அவ்வளவு உப்பைத் தாங்கா. அவற்றை வேறிடத்தில் வைத்தல் நலம். உப்பு ஆவியாவதில்லை, நீர் வற்றும்போது வெறும் நீரையே ஊற்றவேண்டும், மாற்றிய நீரின் அளவுக்கு மட்டும் புதிய உப்பு சேர்க்கவேண்டும்.

மருந்துகளைப் பற்றி

கடைப் புட்டிகளில் உள்ளவை பெரும்பாலும் சில பழைய சரக்குகளே. நீல மருந்தாகிய மெதிலீன் புளூ, மீனுக்கு உதவினும் வடிகட்டியின் நல்ல பாக்டீரியாக்களைத் தாக்கும். அதைத் தனி வாளியில் மட்டுமே பயன்படுத்தவேண்டும். முதலில் கூறிய வீட்டில் மறுநாள் நேர்ந்த சாவுகளுக்கு அது துணைசெய்திருக்கக்கூடும். ஃபார்மலின் ஒட்டுண்ணிகளுக்கு வலிமையான மருந்து. ஆனால் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபார்மலின் ஏறத்தாழ 1 மில்லிகிராம் பிராணவாயுவைக் கவர்ந்துவிடும். வழக்கமான அளவான 25 மில்லிகிராமை நெருக்கமான தொட்டியில் காற்றூட்டாமல் ஊற்றுவது மூச்சைப் பிடித்து நிறுத்துவதை ஒக்கும். மாலகைட் கிரீன் உணவு மீன் வளர்ப்பில் தடைசெய்யப்பட்டது. வீட்டுத் தொட்டியிலும் கையுறையின்றித் தொடலாகாது.

டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பொடித்துத் தூவும் வழக்கம் பலரிடம் காணப்படுகிறது. கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அம்மருந்தைப் பிணைத்துவிடுவதால், ஆழ்துளைக் கிணற்று நீரில் அது பெரும்பாலும் பயனற்றுப்போகிறது. பயன்படாத மருந்து சாக்கடைக்குச் சென்று, மருந்துக்கு அஞ்சாத கிருமிகளை வளர்க்கிறது. மனிதரைக் காக்கவேண்டிய மருந்தைத் தங்கமீனுக்காக விரயம் செய்தல் தகாது.

எந்த மருந்துக்கும் முன்னர்ச் செய்யவேண்டியவை எளியவை. இரண்டு மூன்று நாள் உணவை நிறுத்துக, காற்றுக் குழாயை இரவும் பகலும் ஓடவிடுக, பி.எச். எண்ணைப் பார்க்க. அது 7க்கு மேலிருப்பின் நாளொன்றுக்குக் கால் பங்கு நீரை மாற்றலாம்; 6.5க்குக் கீழிருப்பின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றலாகாது. பின்னர் மீன்களைக் குறைக்கவேண்டும். பெரும்பாலான வீட்டார் தயங்குவது இதற்குத்தான். ஆயினும் மற்ற அனைத்தும் இதற்குக் காலம் வாங்கித் தருபவையே.

கையும் ஏரியும்

மெலிந்து, முதுகு வளைந்து, மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக மீன்கள் இறக்கும் தொட்டியில் மீன் காசநோயை ஐயுறவேண்டும். இதன் ஒரு காரணமான மைக்கோபாக்டீரியம் மரைனம், 1926இல் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சிச்சாலையின் இறந்த மீன்களில் ஆரன்சன் என்பவரால் கண்டறியப்பட்டது. கையில் கீறல் உள்ளவர் தொட்டியைக் கழுவினால் அது தோலில் ஆறாத முடிச்சுகளை உண்டாக்கும். பள்ளித் தொட்டியைத் துலக்கும் மாணவருக்குக் கையுறை தரவேண்டும். நீரை வாயால் உறிஞ்சி இறக்கும் வழக்கத்தை அறவே தடுக்கவேண்டும். அத்தகைய முடிச்சு தோன்றினால் மருத்துவரிடம் மீன் தொட்டியைப் பற்றிக் கூறுதல் இன்றியமையாதது. இல்லாவிடில் அவர் காரணத்தைத் தேடி அலைய நேரும்.

தேறாத மீனைத் துன்புறவிடாமல் முடிக்கக் கிராம்பு எண்ணெய் உண்டு. லிட்டருக்குப் பத்துத் துளியளவு எடுத்து, சிறிது வெந்நீரில் நன்கு குலுக்கிக் கலந்து, தொட்டி நீர் நிறைந்த தனிக் கலத்தில் ஊற்றி மீனை விட்டால் அது உறங்கி இறக்கும். செவுள் அசைவு நின்றபின் பத்து நிமிடம் கழித்தே எடுத்துப் புதைக்கவேண்டும்.

மிகுந்த மீன்களை ஏரியில் விடுவதை இரக்கச் செயலாகக் கருதுவோர் உளர். மைசூருவில் விலங்கியல் பூங்காவை ஒட்டிய காரஞ்சி ஏரியும், 1864இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அமைக்கப்பெற்ற குக்கரஹள்ளி ஏரியும் அருகில் இருப்பதால் இவ்வாசை எழுவது இயல்பே. ஆனால் விடப்படும் மீனுடன் அதன் ஒட்டுண்ணியும் செல்கிறது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த சக்கர் மீன் இவ்வாறு தொட்டிகளிலிருந்து தப்பி இந்தியாவின் பல நீர்நிலைகளில் பரவி, முள் நிறைந்த உடலால் மீனவர் வலைகளைக் கிழித்து நட்டம் விளைவிக்கிறது. மிகுந்த மீனைக் கடைக்காரருக்கோ பெரிய தொட்டி உள்ளவருக்கோ கொடுத்தலே முறை.

புதிதாக வரும் மீனை 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில், தனி வலையுடன், மூன்று நான்கு வாரம் ஒதுக்கி வைத்துப் பார்த்த பின்பே மற்றவற்றுடன் சேர்க்கவேண்டும். உணவு, சில நிமிடங்களில் தின்று தீரும் அளவே. பள்ளித் தொட்டிக்குத் தசரா விடுமுறையின்போது, புறப்படும் நாளில் அள்ளிக் கொட்டிச் செல்லும் வழக்கமே பெருங்கேடு. வளர்ந்த, நலமுள்ள மீன் ஒரு வாரம் உணவின்றி இருக்கும். விடுமுறை அதற்கும் நீளுமாயின், ஒரு வேளைக்கு உரிய உணவைத் தனித்தனிக் காகிதப் பொட்டலமாக மடித்து, மூன்று நாளுக்கு ஒன்று வீதம் போடும்படி காவலாளியிடம் கொடுத்துச் செல்லலாம். உணவு டப்பாவை அவரிடம் விட்டுச் செல்ல வேண்டாம்.